சர்க்கரை, இரும்பு, பூஞ்சை

பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளில், பிஞ்சு பிடிக்கும் பருவத்தில், மரத்தடியில் கருத்து உதிர்ந்து கிடக்கும் மூசுகளைப் பார்க்கலாம். முதலில் மூசின் மேல் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படரும். சில நாட்களில் அது கருத்துவிடும். தொட்டால் தூள் பறக்கும். மூசு அழுகி விழும். இந்த வேலையைச் செய்வது ரைசோபஸ் என்ற பூஞ்சை. ஈரம் பட்டு மறந்துபோன ரொட்டித் துண்டில் படர்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மண், மக்கும் இலை, எருக்குழி, பழக்கடைக் குப்பை என்று எங்கும் இது உண்டு. அந்தத் தூளிலுள்ள வித்துகள் காற்றில் கலந்திருக்கின்றன. நாம் எல்லோரும் நாள்தோறும் அவற்றை மூச்சோடு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ரைசோபஸும் அதன் நெருங்கிய உறவினங்களும் மனித உடலுக்குள் வேர்கொண்டால் வரும் நோய் மியூகார்மைகோசிஸ். 2021இல் கருப்புப் பூஞ்சை என்று நாடே இதைப் பேசியது. அதுவரை, மருத்துவம் படித்தவர்களுக்குக்கூடப் பாடநூலின் ஓரத்தில் இருந்த ஓர் அரிய நோய் அது. எங்கும் நிறைந்த ஒரு பூஞ்சை எப்படி அரிய நோயாக இருக்க முடியும்? எந்த நிலையில் அது அரியதாக இல்லாமல் போகிறது? நோயை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு கேள்விகளும் போதும்.

முதல் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி நம் உடம்பின் சூடு. பூமியில் உள்ள பூஞ்சை இனங்களில் மிகப் பெரும்பாலானவை குளிர்ந்த மண்ணிலும் மரத்திலும் வாழப் பழகியவை. 37 டிகிரி செல்சியஸ் அவற்றுக்குத் தாங்காது. ஆர்த்துரோ காசடெவால் என்ற நுண்ணுயிரியலாளரும் வின்சென்ட் ராபர்ட்டும் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளின் வெப்பத் தாங்குதிறனை ஒப்பிட்டு 2009இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 30 டிகிரியிலிருந்து 40 வரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மேலும் சுமார் 6 விழுக்காடு வகைகள் வளர முடியாமல் கழிந்துபோகின்றன. தவளைகளைப் பூஞ்சை கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. பாலூட்டிகளை அப்படிக் கொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் இதுதான் என்பது அவர்கள் வாதம். ஆனால் ரைசோபஸ் இந்தச் சல்லடையில் நிற்காது. மே மாத மண்ணின் சூட்டிலேயே தழைக்கும் உயிருக்கு நம் உடம்புச் சூடு ஒரு பொருட்டல்ல.

சூட்டைத் தாண்டி வரும் வித்தை அடுத்து எதிர்கொள்வது வெள்ளை அணுக்கள். நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் வித்துகளை விழுங்கி, அவை முளைக்காமல் அடக்கி வைக்கின்றன. அதையும் மீறி முளைத்து இழை விட்டால் நியூட்ரோஃபில் அணுக்கள் வந்து மொய்த்து இழையைச் சிதைக்கின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எய்ட்ஸ் முற்றிய நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சை அவர்களின் மூளை உறையைத் தாக்குகிறது. ஆனால் மியூகார்மைகோசிஸ் அவர்களுக்கு அபூர்வமாகவே வருகிறது. காரணம், எச்.ஐ.வி. அழிப்பது வேறு வகை அணுக்களை. நியூட்ரோஃபில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான மருந்து ஏற்றிக்கொண்டு, நியூட்ரோஃபில் எண்ணிக்கை வாரக்கணக்கில் தரைதட்டிக் கிடப்பவருக்கோ இது முதல் வரிசை ஆபத்து. ஆகவே எதிர்ப்புச் சக்தி குறைவு என்று மொத்தமாகச் சொல்வது இங்கே உதவாது. எந்த அணு, எந்த நிலையில், எவ்வளவு நாள் என்று கேட்க வேண்டும்.

இந்த நோயை 1885இலேயே பால்டாஃப் என்ற நோயியலாளர் பிணப் பரிசோதனையில் கண்டு எழுதி வைத்தார். ஆனால் அதன் குணத்தைக் காட்டிக்கொடுத்தது 1943இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் அறிக்கை. மூன்று நோயாளிகள். மூவருக்கும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோய். ரத்தத்தில் அமிலம் ஏறிய கீட்டோன் நிலை. மூவருக்கும் கண்ணருகே தொடங்கிய தொற்று மூளைக்குள் போய் முடிந்தது. மூன்றே பேர்தான். ஆனாலும் பூஞ்சைக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு அப்போதே பதிவாகிவிட்டது.

அந்த உறவின் உள்விவரம் தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் நடுவே நிற்பது இரும்பு. எல்லா உயிரையும் போலப் பூஞ்சைக்கும் வளர இரும்பு வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பு நிறைய இருந்தாலும், தனியாக அலைய விடப்படுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. நலமான ஒருவரின் ரத்த நீரை எடுத்து அதில் ரைசோபஸை விதைத்தால் அது பெரும்பாலும் வளராது. ரத்தத்தில் அமிலம் ஏறும்போது டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்கிறது, இரும்பு விடுபடுகிறது. கீட்டோன் நிலையில் உள்ள நோயாளியின் ரத்த நீரில் அதே ரைசோபஸ் தாராளமாக வளர்கிறது. கூடவே, சர்க்கரை ஏறிய ரத்தத்தில் நியூட்ரோஃபில் அணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. கொல்ல வேண்டியவர் சோர்ந்திருக்கும் வேளையில் பட்டினி கிடந்தவருக்குப் பந்தியும் விரிக்கப்படுகிறது.

மூன்றாவது கண்ணியைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் அஷ்ரஃப் இப்ராஹிமின் குழு. ரைசோபஸ் இழை ரத்தக் குழாயைத் துளைக்க, குழாயின் உட்சுவர் அணுக்களில் உள்ள ஜி.ஆர்.பி. 78 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சர்க்கரை, இரும்பு, கீட்டோன் ஆகியவை கூடும்போது அந்த அணுக்கள் இந்தப் புரதத்தை இன்னும் அதிகமாக வெளியே நிறுத்துகின்றன. பூஞ்சை பற்றி ஏறுவதற்கான பிடியை உடம்பே கொடுத்துவிடுகிறது.

குழாய்க்குள் புகுந்த இழை அங்கேயே ரத்தத்தை உறைய வைக்கிறது. அதற்கு அப்பால் உள்ள திசுவுக்கு ரத்தம் போகாது. அது செத்துக் கருகுகிறது. நோயாளியின் அண்ணத்திலும் மூக்கினுள்ளும் மருத்துவர் காணும் கருமை இப்படிச் செத்த சதையின் கருமை. பெரும்பாலும் மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில்தான் தொடக்கம். அங்கிருந்து கீழே அண்ணம், பக்கவாட்டில் கண்குழி, மேலே மெல்லிய எலும்பைத் தாண்டினால் மூளை. இந்தத் தூரமெல்லாம் சில சென்டிமீட்டர்தான். சில நாட்களில் கடந்துவிடும்.

இரும்பைப் பற்றிய அறிவு மருத்துவர்களை இரண்டு முறை சோதித்தது. இரண்டையும் சொல்லியாக வேண்டும். 1980களில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு, உடம்பில் சேர்ந்த அலுமினியத்தையும் அதிகப்படி இரும்பையும் வெளியேற்ற டெஃபெராக்சமைன் என்ற மருந்து கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு மியூகார்மைகோசிஸ் வந்தது. இரும்பைப் பிடித்து அகற்ற அனுப்பிய மருந்தையே ரைசோபஸ் தனக்கு இரும்பு கொண்டுவரும் வண்டியாக்கிக்கொண்டது என்று பின்னர் புரிந்தது. அப்படியானால், பூஞ்சையால் பயன்படுத்த முடியாத வேறோர் இரும்பு நீக்கி மருந்தைக் கொடுத்தால் அது பட்டினியில் சாகாதா? டெஃபெராசிராக்ஸ் என்ற மருந்து எலிகளில் நல்ல பலன் காட்டியது. மனிதர்களில் 20 பேரை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. 2012இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இந்த மருந்தும் பெற்றவர்களில் 90 நாட்களில் 82 விழுக்காட்டினர் இறந்துவிட்டனர். மருந்து பெறாதவர்களில் 22 விழுக்காடு. இரண்டு குழுக்களும் சம நிலையில் இல்லை, மருந்து பெற்ற குழுவில் புற்றுநோயாளிகள் அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வழியை அதோடு மூடினார்கள். அழகான கருதுகோளும் எலிச் சோதனையும் இருந்தும், இருபது பேரிடம் கேட்காமல் விட்டிருந்தால் எத்தனை பேருக்கு அந்த மருந்து போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி: இது எங்கே அரியதாக இல்லாமல் போகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த நோய் வருவது முக்கியமாக ரத்தப் புற்றுநோயாளிகளுக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும்தான். அங்கே அது உண்மையிலேயே அரிது. இந்தியாவில் முதல் காரணம் சர்க்கரை நோய். சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அருணலோக் சக்ரவர்த்தியும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாக இதைக் கணக்கெடுத்து வந்தார்கள். இந்தியாவில் இந்நோய் உலக அளவைப் போல ஏறத்தாழ 70 மடங்கு என்பது அவர்களது மதிப்பீடு. கோவிட் வருவதற்கு முன்பே செய்த மதிப்பீடு இது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் 2023 முடிவுப்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், மியூகார்மைகோசிஸோடு மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறவர்களும் நம்மிடையே உண்டு.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சக்சேனியா என்ற வகையை 1953இல் மத்தியப் பிரதேசத்துக் காட்டு மண்ணிலிருந்து எஸ்.பி. சக்சேனா பிரித்தெடுத்தார். அபோஃபைசோமைசிஸ் என்ற வகை 1979இல் வட இந்திய மாந்தோப்பு மண்ணில் கிடைத்தது. அப்போது அவை தாவரவியலாளர்களின் ஆர்வத்துக்குரியவை. மனிதருக்கு நோய் தருபவை என்று எவரும் நினைத்திருக்கவில்லை. இவற்றுக்குச் சர்க்கரை நோய்கூட அவசியமில்லை. மண் படிந்த ஆழமான காயம் போதும். 2004 சுனாமியில் இலங்கைக் கடற்கரையில் காயம்பட்டுப் பிழைத்த ஒருவருக்குப் பல இடங்களில் தோல் மியூகார்மைகோசிஸ் வந்ததை 2005இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2011இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி புரட்டிப்போட்டபோது, மரச் சிம்பும் மண்ணும் குத்திய காயங்களில் அபோஃபைசோமைசிஸ் புகுந்து 13 பேரைப் பிடித்தது. 5 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்குள்ளும் அது வரும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 2008, 2009 ஆண்டுகளில் கடுமையாக நோயுற்றிருந்த 5 குழந்தைகள் இந்த நோயால் இறந்தனர். பூஞ்சை வந்த வழி அவர்கள் படுத்திருந்த படுக்கை விரிப்புகள்.

பிறகு 2021. கோவிட் நுரையீரலை மட்டும் தாக்கவில்லை. பலருக்குச் சர்க்கரையையும் ஏற்றியது. சிகிச்சைக்குக் கொடுத்த ஸ்டீராய்டு அதை இன்னும் ஏற்றியது. வெள்ளை அணுக்களையும் கட்டிப்போட்டது. ஸ்டீராய்டை நான் குறை சொல்லவில்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி சோதனை தெளிவாகச் சொன்னது: நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள், செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்கும் உதவுகிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதும் அதே சோதனையின் முடிவு. இங்கே என்ன நடந்தது? காய்ச்சல் வந்த முதல் நாளே, வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைக் காட்டி, மருந்துக் கடையில் வாங்கி விழுங்கினார்கள். ஆறு மில்லிகிராம் போதும் என்ற இடத்தில் பல மடங்கு ஏற்றினார்கள். ஏற்றியவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பல இடங்களில் பார்க்கவே இல்லை. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த நாட்கள் அவை. யாருக்கும் நேரம் இருக்கவில்லை என்பதை மறக்கவில்லை. ஆனால் ஒரு துளி ரத்தம், ஒரு ஸ்ட்ரிப், ஒரு நிமிடம் போதும் அந்தப் பரிசோதனைக்கு.

இரண்டாம் அலைக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்தியாவின் 16 மருத்துவ மையங்களில் நடந்த ஆய்வில் 287 மியூகார்மைகோசிஸ் நோயாளிகள் பதிவாயினர். முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட இரண்டு மடங்குக்கும் சற்று மேல். அவர்களில் 187 பேருக்குக் கோவிடும் இருந்தது. முறையற்ற ஸ்டீராய்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு இரண்டும் தனித்தனிக் காரணிகளாகத் தெரிந்தன. 12 வாரங்களுக்குள் 45.7 விழுக்காட்டினர் இறந்தார்கள். அடுத்த கோடையில் எண்ணிக்கை ஆயிரங்களில் ஏறியது. 2021 மே மாதம் தமிழ்நாடு இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 45,000க்கு மேற்பட்டவர்களுக்கு நோய், 4,300க்கு மேற்பட்ட சாவு. ஒரு கண்ணை இழந்து, மேல்தாடையை இழந்து உயிரோடு வீடு திரும்பியவர்கள் அந்தச் சாவுக் கணக்கில் இல்லை.

அந்த நாட்களில் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நோயாளியைத் தொடத் தயங்கிய குடும்பங்கள் இருந்தன. இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நோயைக் கண்டுபிடிப்பது ஏன் தாமதமாகிறது என்று இனிப் பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பூஞ்சையைத் தேடும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் இரண்டு: கேலக்டோமேன்னன், பீட்டா குளுக்கான். இரண்டும் இந்தக் குடும்பத்தைக் காட்டாது. கடைசி வரை நம்பக்கூடியது, சந்தேகப்பட்ட இடத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பொட்டாஷ் கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது. அகலமாக, நாடாபோல மடங்கி, குறுக்குச் சுவர் அதிகமில்லாமல், ஏறத்தாழ செங்கோணத்தில் கிளைக்கும் இழை தெரிந்தால் மியூகார்மைகோசிஸ். மெலிந்து, குறுக்குச் சுவர்களோடு, குறுங்கோணத்தில் பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ். இந்த வேறுபாட்டில் உயிர் தொங்குகிறது. ஆஸ்பர்ஜில்லஸைக் கொல்லும் வோரிகோனசோல் மியூகார்மைகோசிஸில் வேலை செய்யாது. தவறான மருந்தில் போகும் ஒவ்வொரு நாளும் பூஞ்சையின் நாள். ரத்தப் புற்றுநோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வில், சரியான மருந்தை ஆறு நாள் தாமதித்துத் தொடங்கியவர்களின் சாவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த எளிய நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு விலை அதிகமில்லை. பழகிய கண் வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் அந்தக் கண்கள் எத்தனை இருக்கின்றன என்று நம் சுகாதாரத் துறைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரியான மருந்து ஆம்ஃபோடெரிசின். 1950களின் நடுவில், வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலை அது பற்றிக்கொண்டு சவ்வைக் குலைக்கிறது. மனித செல் சவ்வில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்டிரால். இரண்டும் நெருங்கிய உருவம் கொண்டவை. அதனால் மருந்து நம்மையும் கொஞ்சம் தாக்கும். குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும், சிறுநீரகம் அடிவாங்கும். மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்த லிபோசோமல் வகை 1990களில் வந்த பிறகுதான் தேவையான அளவை ஓரளவு பாதுகாப்பாக ஏற்ற முடிந்தது. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பி ஆறு. நான்கு வாரத்துக்கு 168 குப்பிகள். இதை நாற்பத்தைந்தாயிரத்தால் பெருக்கினால், 2021இல் மருந்துக்காக மக்கள் ஏன் ஊர் ஊராக அலைந்தார்கள் என்பது விளங்கும். அரிய நோய்க்கான மருந்தை யாரும் லட்சக்கணக்கில் செய்து வைத்திருப்பதில்லை.

மருந்து மட்டும் போதாது என்பதுதான் இந்த நோயின் கொடுமை. செத்த திசுவுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஆகவே அறுவை மருத்துவர் செத்ததையெல்லாம், உயிருள்ள சதையில் ரத்தம் கசியும் வரை, அகற்றியாக வேண்டும். சில நேரம் கண்ணையே எடுக்க வேண்டும். இதோடு சர்க்கரையும் அமிலமும் கட்டுக்குள் வர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண்.

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக, முன்னுரிமை தர வேண்டிய பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. அதிலுள்ள 19இல் மியூகார்மைகோசிஸ் தரும் வகைகள் இரண்டாம் நிலையில் இருக்கின்றன. உலகக் கணக்குக்கு அது சரி. இந்தியாவுக்கு என்று ஒரு பட்டியல் போட்டால், அதை முதல் நிலையில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சர்க்கரை நோய் உள்ளவரோ, ஸ்டீராய்டு எடுப்பவரோ, புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பிறகோ இருப்பவரோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்த அறிகுறிகளை நினைவில் வையுங்கள்: முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது மரத்துப்போதல், ஒரு பக்க மூக்கடைப்பு, கருத்த அல்லது ரத்தம் கலந்த சளி, திடீரென ஆடும் மேல்பல், வீங்கி இறங்கும் கண்ணிமை, இரட்டையாகத் தெரியும் பார்வை. நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை அளவைச் சொல்லுங்கள், எடுத்த ஸ்டீராய்டைச் சொல்லுங்கள். மூக்கினுள் பார்த்துச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள்.